வாத்தியார் அணைத்த ஸ்விட்ச்

செஸ்னா 172. ஓட்டுவது நான், வலப்பக்கம் வாத்தியார். ஜி.பி.எஸ். திரையில் குட்டி விமானம் சமர்த்தாக ஊர்ந்துகொண்டிருந்தது. எனக்கென்ன கவலை? திடுதிப்பென்று மனுஷர் அதை அணைத்துவிட்டார்!

''எங்கே இருக்கோம், சொல்லு!''

கீழே பார்த்தேன். எல்லா ஏரியும் ஒரே ஏரியாகத் தெரிந்தது. நாக்கு உலர்ந்துவிட்டது. மடியில் மேப், கையில் வாட்ச். 90 நாட் வேகம், நிமிஷத்துக்கு ஒன்றரை மைல் (கடல் மைல், சார்!). சேலத்திலிருந்து கிளம்பி 20 நிமிஷம்... அப்படின்னா 30 மைல். ஈரோடு காவிரி ரயில் பாலம் காலடியில் வரணுமே? அதோ, இடப்பக்கம் 2 மைல் தள்ளி!

60 மைலில் 1 மைல் விலகினால் 1 டிகிரி பிசகு என்பது பழைய கணக்கு. ஆக, காற்று என்னை 4 டிகிரி தள்ளியிருக்கிறது. இடப்பக்கம் 8 டிகிரி திருப்பினேன். அடுத்த 20 நிமிஷமும் அடிவயிற்றில் புளி கரைந்தது.

வாத்தியார் திரையை உயிர்ப்பித்தார். குட்டி விமானம் கோட்டின் மேலேயே!

''பரவாயில்லையே'' என்றார். என்னையா, ஜி.பி.எஸ்ஸையா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.