பூண்டு இல்லாத பீட்சாவும் மயிலாப்பூர் மாமியும்

அடையாறு, ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ளே,

மகள் வீட்டில் எல்லாரும் தூங்கியாச்சு. எனக்கு வயிறு இன்னும் அடங்கவில்லை, அதனால் உனக்குக் கடிதம். கபாலீஸ்வரர் கோயில், மெரினா காற்று என்று எழுதுவேன் என நினைத்திருப்பாய். பீட்சாவைப் பற்றித்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்.

தி.நகரை நாலு வரியில் முடித்துவிடுகிறேன். உன் தங்கச்சிக்கு ரங்கநாதன் தெருவில் புடவை பார்க்க வேண்டும் என்று ஆசை. பார்த்தாள், பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். பாண்டி பஜாரில் 2019-ல் அகலப்படுத்திய நடைபாதையில் உட்கார இடம் போட்டிருப்பவன் நன்றாக இருக்கட்டும், என்னைப் போன்ற கணவன்மாருக்காகவே போட்டிருக்கிறான். மயிலாப்பூர்ப் பக்கம் மெட்ரோ இரண்டாம் கட்ட வேலைக்காகத் தகரத் தடுப்பு. 29சி எங்கே நிற்கும் என்று கேட்டால் ஆளுக்கொரு திசையைக் காட்டுகிறார்கள்.

மாலையில் பேத்தி பிடிவாதம் பிடித்து எங்களை மயிலாப்பூருக்கும் ஆழ்வார்பேட்டைக்கும் நடுவே இருக்கும் ஓர் இத்தாலியக் கடைக்கு இழுத்துப் போனாள். பெயர் வேண்டாம். விறகு அடுப்பு, சிவப்பு மேசைத்துணி, வாசலில் எலுமிச்சை மரம் (பிளாஸ்டிக்). மெனு அட்டையின் முதல் பக்கத்தில் நேப்பிள்ஸ் புராணம். 1889-ல் ராணி மார்கரிட்டா வந்தாளாம், எஸ்போசிட்டோ என்பவர் சிவப்பு, வெள்ளை, பச்சையில் பீட்சா சுட்டுக் கொடுத்தாராம், அரண்மனையிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்ததாம். அந்தக் கடிதமே போலி என்று வாதிடும் வரலாற்றாய்வாளர்கள் உண்டு. அட்டையில் அது இல்லை. மார்கரிட்டா விலை அறுநூறு ரூபாய்க்கு மேல். கதைக்கும் சேர்த்துப் போட்டிருப்பான் போலிருக்கிறது.

எங்களுக்கு வலப்பக்கம் நாலு இளைஞர்கள். பீட்சா வந்ததும் ஒருவன், “ஓரமெல்லாம் கருகியிருக்கு, நடுவுல சொதசொதன்னு இருக்கு” என்று திருப்பி அனுப்பினான். பாவம், அது அப்படித்தான் இருக்க வேண்டும். நேப்பிள்ஸ்காரர்கள் 1984-ல் சங்கம் வைத்து விதியே எழுதியிருக்கிறார்கள்: அடுப்பின் மேல்கூரை 485 டிகிரி, வேகும் நேரம் அறுபது முதல் தொண்ணூறு விநாடி. அந்தச் சூட்டில் ஓரம் புள்ளி புள்ளியாகக் கருகும், நடுவில் ஈரம் நிற்கும். பையன் கேட்டது முறுகல். அவனிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லாதது கடைக்காரன் தப்பு. அதைவிட, பரிமாறுகிறவன் விளக்கம் எதுவும் சொல்லாமல், “சாரி சார், வேற போட்டுத் தர்றோம்” என்று எடுத்துக்கொண்டு போனானே, அது எனக்குப் பொறுக்கவில்லை. சுட்டவனுக்குத் தன் அடுப்பின் மேல் நம்பிக்கை வேண்டாமா? அப்புறம் தக்காளி கெச்சப் கேட்டார்கள். அதற்கு நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். நாலு சட்னி இல்லாமல் இட்லியைத் தொடாத ஊர்க்காரன் நான், கெச்சப்பைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை!

இடப்பக்கம்தான் கச்சேரி. எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு மாமி, கூடவே மாமா, அமெரிக்காவிலிருந்து வந்த பேரன். மாமியின் மூக்குத்தி என் மேசை வரை மின்னியது.

“ஏம்ப்பா, இதுல வெங்காயம், பூண்டு இல்லாம கிடைக்குமா?”

“கிடைக்கும் மேடம். மேல போட மாட்டோம்.”

“மேல இருக்கட்டும். அடியில தடவறேளே, அந்தச் சிவப்பு, அதுல?”

பையன் விழித்தான். மணிப்பூர்ப் பக்கத்துப் பையன், தமிழ் அழகாகப் பேசினான், ஆனால் இந்தக் கேள்விக்கு எந்த மொழியிலும் அவனிடம் பதில் இல்லை. உள்ளே போய்ச் சமையல்காரரையே கூட்டி வந்தான். அவர் மலைநாட்டு ஆள், உத்தராகண்ட் என்றார். உள்ளதைச் சொன்னார்: சாஸ் ஒன்றுதான், காலையிலேயே வெங்காயம், பூண்டு, மிளகாய் எல்லாம் வதக்கிக் கொதிக்க வைத்துவிடுவார்கள், எல்லா பீட்சாவுக்கும் அதுதான்.

மாமி கோபப்படவில்லை. “சரி, சீஸுக்கு என்ன உறை ஊத்தறா?” என்றார்.

“சீஸ் வெஜ்தான் மேடம்” என்றான் பையன் அவசரமாக.

“பால் வெஜ்னு எனக்கும் தெரியும். உறை என்னன்னு கேட்டேன்.”

மாப்ளே, எனக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது. இத்தாலியில் அசல் பார்மேசன் சீஸில் இருப்பவை மூன்றே பொருள்தான்: பால், உப்பு, கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறை. வேறு உறை ஊற்றினால் அந்தப் பெயரையே போட முடியாது. நம் நாட்டில் பச்சைப் புள்ளியோடு விற்கிற மொசரெல்லாவுக்கு நுண்ணுயிரிலிருந்து எடுத்த உறைதான், அதில் பிரச்சினை இல்லை. சமையல்காரர் மொசரெல்லா பாக்கெட்டைக் கொண்டுவந்து பச்சைப் புள்ளியைக் காட்டினார். பார்மேசன் டப்பாவைக் கேட்டால் தலையைச் சொறிந்தார். “அது வேண்டாம், தூவாதேங்கோ” என்று மாமி முடித்துவிட்டார். பேரன் தலை மேசைக்கடியில் போய்விட்டது. பாட்டியோடு வெளியே வந்தால் அவனுக்கு மானம் போகிறதாம். போகட்டும். அந்தக் கடையில் சாப்பாட்டைப் பற்றித் தெரிந்து பேசிய ஒரே வாடிக்கையாளர் அவன் பாட்டிதான்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? நேப்பிள்ஸ் விதிப்படி மார்கரிட்டாவுக்குத் தக்காளியை வேக வைப்பதே கிடையாது. கையால் பிசைந்து, உப்புப் போட்டு, மாவின் மேல் பரப்ப வேண்டியதுதான். மேலே மொசரெல்லா, துளசி மாதிரி வாசமடிக்கும் அந்த இலை, ஆலிவ் எண்ணெய். வெங்காயம் இல்லை, பூண்டும் இல்லை. பூண்டு போடுவது மரினாரா என்ற இன்னொன்றில். அதில் சீஸ் கிடையாது. ஆக, முதல் பக்கத்தில் எழுதியிருந்தபடி அசலாகச் செய்திருந்தால் மயிலாப்பூர் மாமி நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார். அவர் கேட்டது விசேஷச் சலுகை இல்லை, அட்டையில் போட்டிருந்ததைத்தான் கேட்டார்!

பூண்டும் மிளகாயும் போட்ட அந்தச் சிவப்புக் கொதிப்பு எங்கிருந்து வந்தது என்று யோசித்துக்கொண்டே மென்றேன். 1996 ஞாபகம் இருக்கிறதா? பீட்சா கார்னர் இங்கே சென்னையில் தொடங்கியது அந்த வருஷம். டோமினோஸும் பீட்சா ஹட்டும் இந்தியாவுக்குள் வந்ததும் அதே வருஷம்தான். நம்ம நாக்குக்குக் காரம் வேண்டும் என்று கண்டுபிடித்து, பனீர் டிக்காவை மேலே ஏற்றி, ஒரு தலைமுறையையே வளர்த்துவிட்டார்கள். அதில் தப்பில்லை, அது ஒரு தனி ருசி. அதைச் சுட்டு நேப்பிள்ஸ் என்று பெயர் வைத்து மூன்று மடங்கு விலை வாங்குவதுதான் எரிச்சல்.

தக்காளியே நமக்கு விருந்தாளிதானே. அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தது. “திவசத்துக்கு நாங்க இன்னிக்கும் தக்காளி, மிளகாய் சேர்க்கறதில்லை” என்றார் மாமி, பேச்சோடு பேச்சாக. இத்தாலிக்காரன் பாட்டனுக்குப் பாட்டனும் தக்காளி இல்லாமல்தான் சாப்பிட்டான். இன்றைக்கு அது இல்லாவிட்டால் இரண்டு ஊரிலும் அடுப்பு எரியாது. 2023 ஜூலையில் விலை நூறைத் தாண்டியபோது சென்னை ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு அரசே விற்றதே!

கடைசியில் மாமி வெறும் மாவில் எண்ணெயும் மொசரெல்லாவும் போட்டு, நறுக்கிய பச்சைத் தக்காளியை மேலே பரப்பித் தரச் சொன்னார். வந்தது. பார்க்க நன்றாக இருந்தது. என் தட்டில் இருந்ததை விட நன்றாக இருந்தது என்பதை உன் தங்கச்சியும் ஒப்புக்கொண்டாள்.

பில்லில் ஐந்து சதவீத ஜிஎஸ்டிக்கு மேலே பத்து சதவீதம் சேவைக் கட்டணம். மருமகன் விடவில்லை. தானாகச் சேர்க்கக் கூடாது என்று நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது, டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்துவிட்டது என்று நிதானமாகச் சொன்னார். எடுத்துவிட்டார்கள். அந்தப் பணத்தை மணிப்பூர்ப் பையன் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தோம். அவன் என்ன செய்வான், சாஸை அவனா கொதிக்க வைத்தான்?

அடுத்த மாதம் கல்யாணத்துக்கு நீ வரும்போது உன்னையும் பீட்சாவுக்குக் கூட்டிப் போகச் சொல்லி பேத்தி இப்போதே நச்சரிக்கிறாள். போவோம், ஆனால் வேறு கடைக்கு. உட்காருவதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேள்: தக்காளியைக் கொதிக்க வைக்கிறார்களா, சீஸுக்கு என்ன உறை? இரண்டுக்கும் பதில் வந்தால் மார்கரிட்டா சொல்லு. வரவில்லை என்றால் மயிலாப்பூர் மாடவீதியில் காபியும் அடையும் இருக்கவே இருக்கிறது.

இப்படிக்கு,
உன் மாப்ளே