ஒன்பது தலை உயரம்

ஹட்டன் பஸ் நிலையத்தைப் பார்த்தபடி, ஒரு துணிக்கடையின் மாடி. ஞாயிறு காலை. மழை ஓய்ந்தும் தகரக் கூரை சொட்டுகிறது. கீழே ஒரு கண்டக்டர் "பொகவந்தலாவ, பொகவந்தலாவ" என்று கூவுவது வகுப்புக்குள்ளும் கேட்கிறது. ஏழெட்டுப் பெண்பிள்ளைகள், மடியில் பலகை. மூலை நாற்காலியில் இருக்கும் என்னை யாரும் பொருட்படுத்தவில்லை.

சேர் கரும்பலகையில் நெட்டுக்குத்தாக ஒரு கோடு இழுத்து ஒன்பதாகப் பிரிக்கிறார். மனுஷ உடம்பு அவரவர் தலையளவில் ஏழரை மடங்கு. ஃபேஷன் படத்தில் ஒன்பது. கூடுகிற ஒன்றரைத் தலையும் பெரும்பாலும் காலுக்குத்தான் போகும்.

"பொய்தான். ஆனா துணி விழுற அழகு தெரியணும்னா இந்தப் பொய் வேணும்."

இரண்டு பேர் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் ஃபேஷன் டிசைன் படிப்புக்காக உளச்சார்புப் பரீட்சை எழுதப் போகிறவர்கள். மற்றவர்கள் தையல் படிப்பவர்கள். தோட்டத்து லயத்தில் இது எல்லாவற்றுக்கும் ஒரே பேர்தான். "படிச்சாலும் காமன்ட்ஸ், படிக்காட்டியும் காமன்ட்ஸ்" என்று ஒருத்தி சொல்ல, அறை சிரிக்கிறது. சேரும் சிரிக்கிறார்.

அவருக்குச் சோறு போடுவது இந்த வகுப்பல்ல, செத்தவர்கள். கருமாதிக்குள் முடித்துத் தர வேண்டிய முகங்கள் சுவரோரம் சாய்ந்திருக்கின்றன. கம்ப்யூட்டரில் கோட்டு மாட்டி ஒரே நாளில் பிரின்ட் எடுத்துத் தரும் ஸ்டூடியோக்கள் வந்த பிறகும் ஆட்கள் இந்த மாடி ஏறுகிறார்கள். கையில் கொண்டுவருவது அநேகமாக அடையாள அட்டை. 1948இல் சட்டம் போட்டுக் குடியுரிமை மறுக்கப்பட்ட மலையகத் தோட்டச் சனம். மிச்சமிருந்தவர்களுக்கு அது முழுதாகக் கிடைக்க 2003இன் சட்டம் வர வேண்டியிருந்தது. பல கிழவிகளுக்கு அந்த அட்டைப் படத்தை விட்டால் வேறு படமே கிடையாது என்கிறார் சேர். தபால்தலை அளவு முகத்தைக் கட்டம் போட்டு, பூதக்கண்ணாடி வைத்துப் பெரிதாக்குவார்.

கரும்பலகைக்குப் பக்கத்தில், மஞ்சளேறிய ஒரு பத்திரிகைத் துண்டு. டேவிட் பெயின்டர் வரைந்த சிலுவைக் காட்சி. நுவரெலியாவில் மிஷன் நடத்திய ஆங்கிலேயத் தகப்பனுக்கும் சிங்களத் தாய்க்கும் 1900இல் இந்தியாவின் அல்மோராவில் பிறந்தவர் பெயின்டர். கண்டி திரித்துவக் கல்லூரி, லண்டன் ரோயல் அகாடமி, இத்தாலி என்று கற்றுவிட்டுத் திரும்பியவர். முகம் வரைவதில் பேர் எடுத்தவர். கொழும்பில் அரசாங்க நுண்கலைக் கல்லூரியின் தலைவராக இருந்து பல தலைமுறைக்குச் சொல்லிக்கொடுத்தவர். திரித்துவக் கல்லூரித் தேவாலயச் சுவரில் அவர் வரைந்த இயேசுவுக்குத் தாடி கிடையாது. சிலுவை நிற்பதும் கண்டல் காட்டில்.

"தாடி இல்லாமலும் ஆள் தெரியுது பாருங்க. எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாதுன்னு மனுஷனுக்குத் தெரிஞ்சிருக்கு."

படியேறி ஒரு பையன் வருகிறான். கொழும்பில் கடையில் நிற்பவன் என்பது சட்டையிலேயே தெரிகிறது. அம்மாவின் அட்டையை நீட்டுகிறான். வெளிறிய நைலக்ஸ் சேலை, வெறுங் கழுத்து.

"இந்த உடுப்பு வேணாம் சேர். பட்டுச்சேலை போட்டுருங்க. தோடு, செயின் எல்லாம்."

சேர் பிள்ளைகளைப் பார்க்கிறார். "ஆளுக்கொரு சேலை போடுங்க. ஒன்பது தலை இல்ல, ஏழரைதான்."

பென்சில்கள் கிறுக்குகின்றன. பெரிய கரை வைத்த பட்டு, மாம்பழ நிறம், அரக்கு. ஒருத்தி கண்டிய ஒசரி கட்டிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டு அழிக்கிறாள். கடைசியில் இருப்பவள் மட்டும் முழுக்கைச் சட்டை, தலைச்சீலை, இடுப்பில் படங்கு என்று கொழுந்து பறிக்க மலைக்குப் போகிற கோலத்தில் வரைந்து வைத்திருக்கிறாள். தேயிலைப் பெட்டியில் சிரிக்கிற பெண்ணுக்கு யாரும் படங்கு கட்டி நான் பார்த்ததில்லை. பையன் அந்தத் தாளைச் சட்டென்று தள்ளிவிட்டு, அரக்குப் பட்டை எடுக்கிறான்.

"நெத்திக்கு மேல அந்த இடத்துல முடியும் போட்டுருங்க சேர்."

கூடைக் கயிறு அழுந்தி அழுந்தி மயிர் தேய்ந்த இடம். அட்டையிலும் தெரிகிறது.

"சேலை போடுறேன், நகை போடுறேன் தம்பி. அங்க முடி போட்டா அது வேற யாரோ."

"வர்றவங்க பார்ப்பாங்க சேர்."

"பார்க்கட்டுமே."

"ஸ்டூடியோவில கேட்டா போட்டுத் தருவாங்க."

"தருவாங்க. போயிட்டு வாங்க."

பையன் போகவில்லை. சுவரோரத்துச் சட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறான். கிழவிகள் பலருக்கும் அதே இடத்தில் அதே தேய்வு. படங்கு வரைந்தவள் தன் தாளை எடுத்து, தள்ளப்பட்ட கோபத்தோடு மடியில் வைத்துக்கொள்கிறாள்.

"பட்டுக்குக் கூட எடுப்பீங்களா?"

"இல்ல. நகைக்கு மட்டும்."

பர்ஸைத் திறந்து முற்பணத்தை இரண்டு தரம் எண்ணிக் கொடுக்கிறான். வெள்ளிக்கிழமை வரச் சொல்கிறார் சேர். பாதிப் படி இறங்கியவன் நின்று, மேலே பார்த்துக் குரல் கொடுக்கிறான்:

"அப்ப செயினை ரெட்டை வடமாப் போட்டுருங்க சேர்!"