ஓடும்போது தூக்குகிற பை

"எவ்ரிடே கேரி" என்று ஒரு பழக்கம் உலகம் முழுக்க எங்கட வயது ஆட்களிடம் பரவிக் கிடக்கிறது. வெளியே போகும்போது பொக்கற்றிலும் பையிலும் என்னென்ன இருக்க வேண்டும் என்பதுதான் விஷயம். மடக்குக் கத்தி, விரல் அளவு ரோச் லைற், பல வேலை செய்கிற குறடு, நெருப்பு மூட்டுகிற கம்பி, வளையல் மாதிரிக் கையில் கட்டுகிற பரகோட் கயிறு. இதையெல்லாம் ஒரு மேசையில் வரிசையாக அடுக்கிப் படம் எடுப்பார்கள். பார்க்க வடிவாகத்தான் இருக்கும்.

நாங்களும் பார்த்தோம், ஆசையும் பட்டோம். விலையைக் கண்டதும் ஆசை பாதியாகக் குறைந்தது. மிச்சத்தைக் குறைத்தது ஒரு கேள்வி. இந்தப் பட்டியல் யாருக்காக எழுதப்பட்டது? காட்டில் வழி தவறுகிறவனுக்கு. பனியில் கார் நின்றுபோகிறவனுக்கு. பள்ளிமுனையில் அந்தக் காடும் இல்லை, பனியும் இல்லை. இடுப்பில் கத்தியோடு ஒரு சோதனைச் சாவடியில் இறங்கினால், அந்தக் கத்தி எங்களைக் காக்குமா மாட்டிவிடுமா என்று சொல்லத் தேவையில்லை.

வெளியூர் ஆட்களுக்கு ஒரு வார்த்தை. பள்ளிமுனை மன்னார்த் தீவில், பட்டினத்தோடு ஒட்டின மீன்பிடிக் கிராமம். பெரிய பெருக்கு மரத்தைப் பார்க்க வருகிறவர்கள் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அதைத் தாண்டி வந்தால் கடலும் வலையும் நாங்களும். இங்கே அனேக வீடுகளில் இரண்டு பை இருக்கும். ஒன்று கடலுக்குப் போகிற பை. மற்றது ஓடும்போது தூக்குகிற பை. உயிர் காக்கும் சாமான் பற்றி நாங்கள் படித்ததெல்லாம் இந்த இரண்டையும் திறந்து பார்த்துத்தான்.

முதலில் கடற்பை. பை என்று சொன்னாலும் அது மூடி போட்ட பிளாஸ்ரிக் வாளி. உள்ளே ஸ்பார்க் பிளக் ஒன்று, அதைக் கழற்றுகிற சாவி, வலை வெட்டுகிற கத்தி, கயிறு, ரோச், லைற்றர், இரண்டு சொப்பின் பைக்குள் சுற்றின போன். பக்கத்தில் தண்ணிக் கான். கத்தி இங்கேயும் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஆனால் அதற்கு ஒரு வேலை இருக்கிறது. எஞ்சினின் காற்றாடியில் வலை சுத்தினால் வெட்டி எடுக்க வேண்டும். வேலை இல்லாத சாமான் அந்த வாளிக்குள் ஒன்றும் இல்லை.

ஸ்பார்க் பிளக் ஏன் என்று ஒரு பெரியப்பாவிடம் கேட்டோம். "எஞ்சின் நிண்டா பிறகு காத்துத்தான் சம்மாட்டி, பிள்ளை" என்றார். சோளகம் ஒரு பக்கம் தள்ளும், வாடை இன்னொரு பக்கம் தள்ளும். இலங்கையும் இந்தியாவும் 1974 இலும் 1976 இலும் ஒப்பந்தம் எழுதிக் கடலில் ஒரு கோடு போட்டிருக்கின்றன. தண்ணியில் அந்தக் கோடு தெரியாது. இழுபட்டு அந்தப் பக்கம் போனால் உயிர் தப்பினாலும் காவல், கோர்ட், மறியல் என்று மாதங்கள் போகலாம். ஒரு சின்னப் பிளக் அதைத் தடுக்கும். போனில் சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். கரையில் இருக்கும்போதே வரைபடத்தைத் தரவிறக்கி வைத்தால், கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்றாவது தெரியும்.

தண்ணி பற்றியும் ஒரு கணக்கு. குடிக்கவும் சாப்பாட்டுக்குமாக ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 3 லீற்றர் வேண்டும். வெயிலில் வேலை செய்தால் அதற்கு மேலே. கடல் தண்ணியில் உப்பு 3.5 சதவீதம். எங்கட சிறுநீரகத்தால் அவ்வளவு உப்பைச் செறிவாக வெளியேற்ற ஏலாது. ஒரு கப் கடல் தண்ணி குடித்தால், அதைக் கழிக்க உடம்பு ஒரு கப்புக்கு மேலே தன் தண்ணியை இழக்கும். அதனால் எடையைக் குறைக்க வேண்டுமென்றால் வேறு எதையாவது குறைக்கலாம், கானைக் குறைக்கக் கூடாது.

எங்கட பக்கத்திலிருந்து வாளிக்குள் நாங்கள் போடச் சொன்னது ஒரு விசில். கத்தினால் கொஞ்ச நேரத்தில் தொண்டை அடைக்கும், விசில் அடைக்காது. பகலில் பழைய சீடி ஒன்று கண்ணாடி மாதிரி வெயிலைத் திருப்பிக் காட்டும். ஒன்றுமே இல்லாவிட்டால் இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி மெல்ல மெல்ல மேலே தூக்கி இறக்குங்கள். சர்வதேசக் கடல் விதிகளில் அதுவும் ஒரு ஆபத்துக் குறிதான், செலவு இல்லாத குறி.

ஆனால் கடலுக்குப் போகிறவர்களின் முதல் பாதுகாப்பு அந்த வாளிக்குள் இல்லை. "இந்தப் பக்கம் போறம், இத்தனை மணிக்கு வருவம்" என்று கரையில் ஒரு ஆளிடம் சொல்லிவிட்டுப் போவதுதான் அது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது, கன்னியாகுமரிப் பக்கத்து மீனவர்கள் பலர் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தார்கள். கரையில் சொன்ன எச்சரிக்கை அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. ஆட்களிடம் சாமான் இருந்தது, படகு இருந்தது, தொடர்பு இல்லை. நாங்கள் இந்த விஷயத்தில் திரும்பத் திரும்ப வந்து நிற்பது இந்த இடத்தில்தான்.

இனி மற்றப் பை. இது அலுமாரிக்கு மேலே இருக்கும், அல்லது கட்டிலுக்குக் கீழே. 1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கினபோது மன்னார்ச் சனம் மடுவுக்கு ஓடினது, வள்ளம் ஏறி இராமேஸ்வரத்துக்கு ஓடினது, மண்டபம் முகாமில் போய் இருந்தது. அதற்குப் பிறகு இந்தப் பைகள் பல வீடுகளில் முழுதாக அவிழ்க்கப்படவே இல்லை. உள்ளே என்ன? அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், ஞானஸ்நானச் சான்றிதழ், காணி உறுதி, வங்கிப் புத்தகம், பரீட்சைப் பெறுபேறு, ஒரு கல்யாணப் படம், பனடோல், சவர்க்காரம், ஒரு பழைய நூல் சேலை. எங்கட அம்மம்மாமாரின் கணக்கு எளிது. ஒரு கையில் பிள்ளை இருக்கும், அதனால் பை மற்றக் கைக்கு அடங்க வேண்டும்.

அந்தச் சேலையைப் பார்த்து முதலில் சிரித்தோம். பிறகு எண்ணிப் பார்த்தோம். விரிக்கலாம், போர்க்கலாம், ஏணை கட்டலாம், முறிந்த கையைத் தூக்கிக் கட்டலாம், குளிக்கும்போது மறைப்புக் கட்டலாம், கிழித்தால் கயிறு. பங்களாதேசத்தில் பழைய சேலைத் துணியை நாலு மடிப்புக்குக் குறையாமல் மடித்துத் தண்ணி வடித்த கிராமங்களில் கொலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என்று 2003 இல் ஆய்வு வந்திருக்கிறது. துணியால் எல்லாக் கிருமியும் போகாது, கொதிக்க வைப்பதுதான் நல்லது. அடுப்பு இல்லாத நாளுக்கு இது. எந்தப் பரகோட் கயிறும் இத்தனை வேலை செய்யாது.

கடதாசிகளின் பெறுமதி ஓடும்போது தெரியாது, திரும்பி வரும்போதுதான் தெரியும். பள்ளிமுனையிலேயே ஒரு பகுதி வீட்டுக் காணிகள் யுத்தம் முடிந்த பிறகும் கடற்படையின் கையில் இருந்தன. சொந்தக்காரர்கள் றோட்டில் நின்று கேட்டார்கள், மன்னார் நீதிமன்றத்துக்கும் போனார்கள். அங்கே போய் நிற்கிறவர்களிடம் கேட்பது கத்தியும் ரோச்சும் இல்லை, உறுதி எங்கே என்றுதான். இருபது, இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னம் அவசரத்தில் பைக்குள் போட்ட ஒரு மடித்த தாள், வீட்டுக்குத் திரும்புகிற வழியாக மாறுகிறது.

எல்லாருக்கும் பையை அடுக்குகிற உரிமையே இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதே 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்களை வெளியேற்றினார்கள். எங்களுக்குப் பக்கத்து ஊர்களில் இருந்தவர்கள், மன்னார்த் தீவிலேயே பிறந்து வளர்ந்தவர்கள், கடல் வழியாகக் கற்பிட்டிப் பக்கம் போய் இறங்கினார்கள். எவ்வளவு காசு, எவ்வளவு நகை, எவ்வளவு சாமான் என்று தீர்மானித்தது துவக்கு வைத்திருந்தவர்கள். எங்கட வீட்டுப் பைகளைப் பற்றி எழுதும்போது அந்தப் பைகளை விட்டுவிட்டு எழுத எங்களால் முடியாது.

இவ்வளவும் பேசினபோது எங்களுக்குள்ளேயே ஒரு சண்டை வந்தது. எங்களில் ஒருத்தி சொன்னாள்: "சண்டை முடிஞ்சு இத்தனை வருஷம். இன்னும் அந்தப் பை கட்டிலுக்குக் கீழ இருக்கு. அதைப் பாக்கிற ஒவ்வொரு நாளும் நாங்கள் இந்த வீட்டில தற்காலிகமா இருக்கிறம் எண்ட மாதிரி இருக்கு. அவிழ்த்து அலுமாரிக்குள்ள வையுங்கோ." இன்னொருவன் சொன்னான்: "அவிழ்த்தா அம்மா நித்திரை கொள்ள மாட்டா." இரண்டு பேரும் சொல்வது சரி. பை கட்டி வைப்பது ஆயத்தமா, பயமா என்பது வெளியிலிருந்து பார்த்துச் சொல்லக் கூடியது இல்லை.

கடைசியில் நாங்கள் பிடித்துக்கொண்டது காற்றையும் மழையையும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் எங்கட பக்கத்தையும் சும்மா விடவில்லை. 2020 டிசம்பரில் புரெவி திருகோணமலைப் பக்கம் கரையேறி மன்னார் வழியாகத்தான் கடலுக்குள் இறங்கினது. துவக்குக்குப் பயந்து கட்டின பையைப் புயலுக்கான பையாக மாற்றி அடுக்கலாம். அம்மாவும் சம்மதிப்பா, நாங்களும் அந்தப் பைக்குள் எங்கட கையை வைக்கலாம்.

அப்படி அடுக்கும்போது ஒவ்வொரு சாமானிடமும் மூன்று கேள்வி கேட்டோம். தொலைந்தால் இதைத் திரும்ப எடுக்க எவ்வளவு காலம் போகும்? இருட்டில், நனைந்த கையோடு, நடுங்கிக்கொண்டு இதைப் பாவிக்கத் தெரியுமா? இது எங்களை இன்னொரு ஆளோடு சேர்த்து வைக்குமா? ஒன்றுக்காவது நல்ல பதில் இல்லாத சாமானை வெளியே எடுத்தோம். உறுதிக்கு முதல் கேள்வியிலேயே இடம் கிடைத்தது. ரோச்சுக்கு இரண்டாவதில். விசிலுக்கும் போன் நம்பர் எழுதின தாளுக்கும் மூன்றாவதில்.

அந்தத் தாளை விளக்க வேண்டும். எங்களில் ஒருவருக்கும் அம்மாவின் நம்பரைத் தவிர வேறு நம்பர் பாடமில்லை. போன் நனைந்தால் உலகமே போச்சு. அதனால் ஒரு சின்ன மட்டையில் ஆறு நம்பர் எழுதி, லெமினேற் பண்ணி, ஆளுக்கொன்று வைத்திருக்கிறோம். அதில் ஒருவர் கட்டாயம் வேறு மாவட்டத்தில் இருப்பவர். மன்னாரில் எல்லாருடைய போனும் செத்தாலும், எல்லாரும் செய்தி விடக் கூடிய ஒரு பொது ஆள் அவர். கீழே 119 பொலிஸ், 117 அனர்த்த முகாமைத்துவ நிலையம், 1990 அம்புலன்ஸ். எங்கட வீடுகளில் 1990 என்றால் ஓடின வருஷம். இப்போது அதே இலக்கத்தை அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். சின்னப் பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறோம்.

தினமும் கொண்டு போகிறது இதைவிடக் குறைவு. அடையாள அட்டை, நம்பர் மட்டை, சாவியோடு கொழுவின விசில், சின்ன ரோச், தண்ணிப் போத்தல், நெருப்புப்பெட்டி அல்லது லைற்றர், ஒரு சொப்பின் பை, மாற்றின சில்லறைக் காசு. பெண்களுக்கு இதோடு இரண்டு பாட், நாலு ஊசிப்பின், ஒரு சால்வை. அந்த மேசைப் படங்களில் இது ஒன்றையும் காண மாட்டீர்கள். அதை அடுக்கினவர்களின் காற்சட்டையில் நாலு பொக்கற் இருந்திருக்கும், எங்கட சுரிதாரில் ஒன்றும் இல்லை. பவர் பாங்க் வாங்குகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. 10,000 என்று போட்டிருந்தாலும் மாற்றும்போது மூன்றில் ஒரு பங்கு போய்விடும். 5,000 பற்றரி உள்ள போனை ஒரு தரம் நிரப்பும், அதற்கு மேலே கொஞ்சம்.

பத்திரங்களைப் போனில் படம் எடுத்து வைத்தால் போதாதா என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். எடுத்து வையுங்கள், வெளிநாட்டில் இருக்கிற சித்திக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். ஆனால் கந்தோரில் கேட்பது மூலப்பிரதி. இரண்டும் வேண்டும்.

வாடை தொடங்குவதற்கு முன்னம், ஒக்ரோபர் கடைசிக்குள், வீட்டுப் பையை ஒருதரம் இறக்குங்கள். மருந்தின் திகதியைப் பாருங்கள், ரோச் பற்றரியை வெளியே எடுத்துத் தனியாகச் சுற்றுங்கள், கடதாசிகளுக்குப் புது உறை போடுங்கள். பிறகு அந்தப் பையை ஒரு கையில் தூக்கிக்கொண்டு கோயில் மட்டும் நடந்து பாருங்கள். இடையில் கை மாற்ற வேண்டி வந்தால், ஏதோ ஒன்று கூடிப்போச்சு. எதை எடுப்பது என்று அம்மம்மாவைப் பக்கத்தில் இருத்திக் கேளுங்கள். எங்கட வீடுகளில் அந்தப் பின்னேரம் இராச்சாப்பாடு மட்டும் நீண்டது, அதுவரை சொல்லாத கதைகளும் அந்தப் பைக்குள் இருந்து வந்தன.