குதிக்கத் தெரிந்த ஹீரோ

புதிதாக ஒரு வீடியோ கேம் வந்தால் எல்லோரும் முதலில் பேசுவது கிராபிக்ஸ் பற்றித்தான். மழையில் நனைந்த தெரு எப்படி மின்னுகிறது பார், ஹீரோவின் தாடியில் ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரிகிறது பார் என்பார்கள். அடுத்து கதை. அதற்கடுத்து இசை. சரி, விளையாடுகிறவர் அந்த கேமில் பெரும்பாலான நேரம் என்ன செய்துகொண்டிருக்கிறார்? நடக்கிறார், ஓடுகிறார், குதிக்கிறார். அவ்வளவுதான்! அந்த ஓட்டமும் குதிப்பும் கைக்கு இதமாக இல்லையென்றால் மற்றதெல்லாம் இருந்தும் உப்பில்லாத சாப்பாடுதான்.

பட்டனை அழுத்துவதற்கும் திரையில் உருவம் அசைவதற்கும் நடுவே விளையாடுபவருக்கு ஏற்படும் உணர்வை 'கேம் ஃபீல்' என்கிறார்கள். ஸ்டீவ் ஸ்விங்க் என்பவர் 2008-ல் இதே தலைப்பில் தனிப் புத்தகமே எழுதியிருக்கிறார். கேட்கச் சின்ன விஷயம்தான். ஆனால் கேம் வரலாற்றில் பெரிய திருப்பங்கள் சில இந்தச் சின்ன விஷயத்தில்தான் நடந்திருக்கின்றன.

1981-ல் வந்த 'டாங்கி காங்' கேமை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் மரியோ என்று உலகப்புகழ் பெற்ற மீசைக்காரர் முதன்முதலில் தலைகாட்டியது அதில்தான். உருண்டு வரும் பீப்பாய்களைத் தாண்டிக் குதிப்பார். ஆனால் ஒருமுறை காலைத் தூக்கிவிட்டால் முடிந்தது. அந்தக் குதி எங்கே போய் முடியுமோ அங்கேதான் இறங்குவார். நடுவில் மனம் மாற வழியில்லை.

1985-ல் 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' வந்தபோது அதே மனிதர் வேறு ஆளாகிவிட்டார். பட்டனை லேசாகத் தட்டினால் சின்னக் குதி. அழுத்திப் பிடித்தால் உயரக் குதி. ஓடிவந்து குதித்தால் இன்னும் உயரம். அந்தரத்தில் இருக்கும்போதே முன்னும் பின்னும் நகரலாம். வேகமாக ஓடும்போது சட்டென்று திரும்பினால் கால் வழுக்கி, பிறகுதான் திரும்புவார்.

இதன் பின்னால் இருக்கும் தந்திரம் எளிமையானது. பட்டனைப் பிடித்திருக்கும்வரை, மேலே ஏறும் மரியோவைக் கீழே இழுக்கும் ஈர்ப்புவிசை குறைவாக இருக்கும். விட்டவுடன் அது அதிகமாகிவிடும். இயற்பியல் வாத்தியார் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்! நிஜ உலகில் யாரும் அந்தரத்தில் திசை மாற்ற முடியாது, ஈர்ப்புவிசையும் ஆளுக்கேற்ப மாறாது. ஆனால் விளையாடுகிறவருக்கு வேண்டியது நிஜம் இல்லை. தன் விரல் சொல்வதை அந்த உருவம் கேட்கிறது என்ற நம்பிக்கை.

மரியோ முப்பரிமாணத்துக்குப் போனபோதும் இதே கவனம்தான். 1996-ல் வெளிவந்த 'சூப்பர் மரியோ 64' உருவானபோது மியாமோட்டோ குழுவினர் முதலில் பெரிய உலகங்களைக் கட்டவில்லை. சிறிய இடம் ஒன்றில் மரியோவை ஓடவிட்டு, ஒரு முயலைத் துரத்திப் பிடிக்கவைத்துப் பார்த்தார்கள். வெறுமனே ஓடித் துரத்துவதே ஜாலியாக இருக்கிறதா என்பதுதான் சோதனை. அந்த முயல் கடைசியில் கேமுக்குள்ளேயே இடம்பிடித்துவிட்டது. கேம் தொடங்கும் கோட்டை முற்றத்திலும் எதிரிகள் யாரும் கிடையாது. மரத்தில் ஏறலாம், நீந்தலாம், கரணம் அடிக்கலாம். விளையாடுபவர் கை பழகிக்கொள்ள விட்டுவைத்த மைதானம் மாதிரி.

இதற்கு நேர் எதிர்த் திசையில் போனது 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'. 1989-ல் வந்தது. ஜோர்டான் மெக்னர் தன் தம்பி ஓடுவதையும் குதிப்பதையும் வீடியோ எடுத்து, அதைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு படமாக வரைந்தார். அந்தக் காலத்தில் அத்தனை இயல்பான அசைவைத் திரையில் பார்ப்பது அபூர்வம். ஆனால் ஒரு விலை இருந்தது. நிஜ மனிதனின் ஓட்டம் என்பதால் இளவரசன் பட்டனை விட்டவுடன் நிற்க மாட்டான். சறுக்கிக்கொண்டு போய்த்தான் நிற்பான். பழைய டாஸ் கம்ப்யூட்டரில் இதை விளையாடியவர்களுக்கு அப்படிச் சறுக்கிப் போய் முள்ளில் விழுந்த வலி மறந்திருக்காது!

ஆனாலும் அந்த கேம் ஜெயித்தது. மெக்னர் அந்தத் தாமதத்துக்கு ஏற்றபடி உலகத்தையே அமைத்திருந்தார். இடைவெளிகள் எல்லாம் இளவரசனின் அடிகளுக்குப் பொருந்தி வரும். ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டால் விளிம்புவரை பதுங்கிப் பதுங்கி நடக்கலாம், விழும்போது விளிம்பைப் பற்றிக்கொள்ளலாம். ஆக, வேகமாகப் பதில் சொல்லும் உருவம்தான் நல்ல உருவம் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. எப்படிப் பதில் சொன்னாலும் அது ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், அந்த உலகமும் அதற்கு இடம் கொடுக்க வேண்டும்.

2005-ல் வந்த 'ஷேடோ ஆஃப் தி கொலோசஸ்' இதற்கு இன்னொரு சாட்சி. அதன் ஹீரோ வாண்டர் ஓடும்போது தடுமாறுவான், குதிரை உடனே சொன்னபடி கேட்காது. ஆனால் மலை போன்ற உருவத்தின் முதுகு ரோமத்தைப் பிடித்துத் தொங்கும்போது அந்தத் தடுமாற்றம்தான் நெஞ்சை அடைக்கிறது. அவன் லாவகமாக ஏறிவிட்டால் பயமே இருக்காது.

அசைவு மட்டும் மாறினால் ஒரு கேம் எவ்வளவு மாறும் என்பதற்கு 2004-ன் 'ஸ்பைடர்மேன் 2' நல்ல உதாரணம். பிளேஸ்டேஷன் 2 போன்ற கன்சோல்களுக்கு வந்த பதிப்பில் சிலந்தி வலை நிஜமாகவே கட்டடங்களில் ஒட்டும். ஊஞ்சல் போல ஆடி, சரியான நேரத்தில் விட்டால் வேகம் கூடும். பக்கத்தில் கட்டடம் இல்லையென்றால் வலையும் இல்லை. கதையை மறந்துவிட்டு நியூயார்க் முழுக்கச் சும்மாவே ஊஞ்சலாடித் திரிந்தவர்கள் ஏராளம். அதே ஆண்டு அதே பெயரில் கம்ப்யூட்டருக்கு வந்தது வேறு ஒரு கேம். அதில் குறிப்பிட்ட சில இடங்களில் மட்டுமே வலை ஒட்டும். படம் அதே, ஹீரோ அதே, நகரமும் அதே. ஆனால் முன்னதை இன்றும் ஆசையோடு பேசுகிறார்கள், பின்னதை வாங்கியவர்கள் ஏமாந்துபோனார்கள்.

இந்த விஷயத்தில் சமீபத்திய வாத்தியார் என்றால் 2018-ல் வந்த 'செலஸ்ட்'. மேடலின் என்ற பெண் ஒரு மலையில் ஏறுகிறாள், அவ்வளவுதான் கதை. மிகக் கடினமான கேம். நூற்றுக்கணக்கான தடவை சாக வேண்டியிருக்கும். ஆனாலும் யாரும் அதைக் கொடுமைக்கார கேம் என்று திட்டுவதில்லை. காரணம், கண்ணுக்குத் தெரியாமல் அது செய்யும் உதவிகள். மேடலின் விளிம்பைத் தாண்டிவிட்ட பிறகும் சுமார் 0.1 விநாடிக்குள் பட்டனை அழுத்தினால் குதித்துவிடுவாள். தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே அழுத்திவிட்டாலும் பரவாயில்லை, கால் பட்டதும் குதிப்பாள். கூரையின் மூலையில் தலை லேசாக இடித்தால் கேமே அவளைச் சில புள்ளிகள் நகர்த்திவிடும். குதியின் உச்சியில் ஈர்ப்புவிசை பாதியாகும், எங்கே இறங்குவது என்று யோசிக்க ஒரு கணம் கிடைக்கும்.

முதலில் சொன்ன உதவிக்கு 'கயோட்டி டைம்' என்று பெயர். ரோடு ரன்னர் கார்ட்டூனில் பள்ளத்தாக்கைத் தாண்டி ஓடிவிட்டு, கீழே பார்க்கும்வரை விழாமல் அந்தரத்தில் நிற்குமே ஒரு கயோட்டி, அதன் நினைவாக வைத்தது.

இதெல்லாம் ஏமாற்று வேலை இல்லையா என்று கேட்கலாம். இல்லை. மனித விரலும் கண்ணும் கம்ப்யூட்டர் அளவுக்குத் துல்லியமானவை அல்ல. ஒரு விநாடிக்கு 60 முறை கணக்குப் போடும் இயந்திரம், ஒரே ஒரு கணக்கு தவறியதற்காக ஒருவரைப் பள்ளத்தில் தள்ளினால் அவர் என்ன நினைப்பார்? "நான் அழுத்தினேனே!" என்றுதான் கத்துவார். அந்தக் கோபம் இரண்டு மூன்று முறை வந்தால் கேமை மூடிவிட்டுப் போய்விடுவார். அதுவே "என் தப்புதான், இன்னொரு தடவை பார்க்கலாம்" என்று தோன்றினால் நூறு தடவையும் முயல்வார். அதற்கும் மேலே உதவி தேவைப்படுகிறவர்களுக்கு, உதாரணமாக விரல்கள் வேகமாக இயங்காதவர்களுக்கு, கேமின் வேகத்தைக் குறைக்கும் வசதியையும் செலஸ்ட் வெளிப்படையாகவே வைத்திருக்கிறது.

கேம் தயாரிக்க ஆசைப்படும் மாணவர்கள் இன்று ஏராளம். இலவச மென்பொருள்களும் வந்துவிட்டன. பெரும்பாலோர் கதையை எழுதிவிட்டு, அரக்கனை வரைந்துவிட்டு, கடைசியில்தான் ஹீரோவை நடக்கவைக்கிறார்கள். அதைத் தலைகீழாகச் செய்து பார்க்கலாம். ஒரு சாம்பல் நிறக் கட்டம், நான்கைந்து படிகள், ஒரு பள்ளம். இவை போதும். அதை ஒரு நண்பரிடம் கொடுத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். பரிசோ எதிரியோ எதுவுமே இல்லாத அந்த இடத்தில் அவர் பத்து நிமிடம் சும்மாவே குதித்துக்கொண்டிருந்தால், தைரியமாக அரக்கனை வரைய ஆரம்பிக்கலாம்.