ஜீன் கேட்கும் காட்சி

எலிசபெத் ராபின்ஸின் ‘வோட்ஸ் ஃபார் விமன்!’ நாடகத்தை எடுத்தால் எல்லாருடைய கண்ணும் இரண்டாம் அங்கத்துக்குத்தான் ஓடும். லண்டன் டிரஃபால்கர் சதுக்கம். நெல்சன் தூணின் பீடத்தில் நின்று வாக்குரிமை கேட்கும் பெண்கள், கீழே கேலி பேசும் கூட்டம். 1907 ஏப்ரலில் கோர்ட் தியேட்டரில் இதை முதலில் இயக்கிய கிரான்வில் பார்க்கர், கூட்டத்தில் நின்றவர்களை ஆள் ஆளாகப் பழக்கினார். விமர்சகர்கள் மெச்சியதும் அந்தக் கூட்டத்தைத்தான்.

நானும் கூட்டத்தில் ஆளுக்கொரு தொழில் கொடுத்துத்தான் ஒத்திகையைத் தொடங்குவேன். ஆனால் அங்கத்தின் உயிர் கத்துகிறவர்களிடம் இல்லை, கேட்டுக்கொண்டு நிற்கும் ஜீனிடம் இருக்கிறது. அவளுக்கு நிச்சயமான மாப்பிள்ளை ஸ்டோனர், கன்சர்வேட்டிவ் எம்.பி. பீடத்தில் பேசும் வைடா, பல வருடம் முன்பு அவனைக் காதலித்தவள். அப்பாவின் சொத்து போய்விடுமோ என்று அவன் பயந்ததில் அவள் கரு கலைக்கப்பட்டது. வைடாவுக்கு அப்படியொரு பழங்கதை உண்டென்று ஜீன் கேள்விப்பட்டிருக்கிறாள். ஆள் யாரென்றுதான் தெரியாது.

வைடா ஒரு வேலைக்காரப் பெண்ணைப் பற்றிப் பேசுகிறாள். பிறந்த குழந்தையை முதலாளி வீட்டுப் பின்வாசலில் வைத்துவிட்டு மயங்கி விழுந்தவள். குழந்தையைக் கொன்றதாக வழக்கு. தகப்பனான முதலாளியைச் சட்டம் தொடவில்லை. அவள் ஸ்டிரேஞ்ச்வேஸ் சிறையில். இந்த இடத்தில் வைடாவாக நடிப்பவரின் கண் தானாக ஸ்டோனர் பக்கம் போகும். நான் விடமாட்டேன். “கடைசி வரிசையில நிக்கிற ஆளுக்குச் சொல்லும்மா” என்பேன். ஸ்டோனர் தொப்பி விளிம்பை ஒருமுறை தொட்டால் போதும். அதைப் பார்க்க வேண்டியவள் ஜீன் மட்டும். ராபின்ஸ் 1891இல் லண்டனில் இப்சனின் ஹெட்டா கேப்ளராக நடித்தவர். வசனமில்லாத இடத்தில் நடிகைக்கு எவ்வளவு வேலை என்பது அவருக்குத் தெரியாதா?

ஒரு வேடிக்கை. கருக்கலைப்பைத் தொடும் இந்த நாடகம் தணிக்கையைத் தாண்டியது. அதே விஷயம் வரும் பார்க்கரின் ‘வேஸ்ட்’ அதே ஆண்டு அனுமதி பெறவில்லை. ராபின்ஸ் சாடையாக எழுதியது காப்பாற்றியிருக்கும் என்பது என் ஊகம்.

மூன்றாம் அங்கம் கொஞ்சம் இழுக்கும். ஸ்டோனர் கல்யாணம் செய்துகொள்கிறேன் என்கிறான். வைடாவுக்கு அது வேண்டாம், பெண்கள் வாக்குரிமைக்கு அவன் ஆதரவு வேண்டும். இதைப் பழிவாங்கலாக நடித்தால் கெட்டுவிடும். அவள் பழைய கணக்கை முடித்துவைக்கிறாள், அவ்வளவுதான்; குரல் உயர வேண்டியதில்லை. பிரசார நாடகம் என்றே ராபின்ஸ் துணைத்தலைப்பு போட்டார்; வருமானத்தில் ஒரு பங்கை இயக்கத்துக்கே கொடுத்தார்.

நேரமில்லை, சதுக்கக் காட்சியை மட்டும் போடலாமா என்று இளம் இயக்குநர்கள் கேட்கிறார்கள். வேண்டாம். முதல் அங்கத்தில், விருந்துக்கு வந்த வீட்டில், வைடாவும் ஸ்டோனரும் முன்பின் தெரியாதவர்கள்போல நடந்துகொள்வதைப் பார்க்காத ரசிகருக்கு, சதுக்கத்தில் ஜீன் எதைக் கண்டுபிடித்தாள் என்பதே புரியாது.