கேள்வி கேட்ட பாட்டு

பிரேசில் நாட்டின் தலைநகராகிய பிரசிலியா தானே வளர்ந்த ஊர் அன்று. வரைந்து கட்டப்பெற்ற ஊர். நாட்டின் உட்பகுதி மேட்டு நிலத்தில், சிறகு விரித்த பறவைபோல் அதனை வகுத்தவர் லூசியோ கோஸ்டா. அதன் மாளிகைகளை எழுப்பியவர் ஆஸ்கார் நீமெயர். 1960 ஏப்ரல் 21-இல் அது தலைநகராயிற்று. அதனைக் கட்டியவருள் மிகப் பலர், வறட்சியால் வாடிய வடகிழக்கிலிருந்து வந்த ஏழைத் தொழிலாளர். கட்டி முடிந்தபின் அவருக்கு அந்நகருள் இடமில்லை. தகுவாட்டிங்கா, செய்லாண்டியா முதலிய புறநகர்களே அவர்தம் உறைவிடமாயின.

அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் ரியோ நகரில் பிறந்த ரெனாட்டோ, 1973-இல் பெற்றோருடன் பிரசிலியாவிற் குடியேறினார். பதினைந்தாம் வயதில் எலும்பு நோய் அவரைப் படுக்கையில் வீழ்த்தியது. நூல்களும் இசைத்தட்டுகளுமே துணையாயின. ரூசோ, ரசல் என்னும் பேரறிஞரை நினைந்து 'ரூசோ' என்று புனைபெயர் கொண்டார். சில காலம் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியராகவும் இருந்தார்.

அந்நாளில் படைத்தலைவரே நாட்டை ஆண்டனர். 1964-இல் தொடங்கிய அவ்வாட்சியில் பாட்டும் தணிக்கைக்குத் தப்பவில்லை. 1978-இல், ஆட்சி முடியுமுன்னரே, 'இது என்ன நாடு?' என்று கேட்கும் பாட்டொன்றை ரூசோ இயற்றினார். 1982-இல் மார்செலோ போன்ஃபாவுடன் 'லெஜியாவோ உர்பானா' என்னும் ராக் இசைக்குழுவைத் தொடங்கினார். 'நகரப் படை' என்பது அதன் பொருள். டாடோ வில்லா லோபோஸ் பின்னர்ச் சேர்ந்தார். 1985-இல் குழுவின் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. படையாட்சியும் அவ்வாண்டே முடிந்தது.

ஆயினும் அந்தப் பாட்டு அத்தட்டில் இல்லை. நாடு திருந்திவிடும், திருந்தினால் இப்பாட்டுப் பயனற்றுப் போகும் என்று அவர் காத்திருந்தார். தம் பாட்டு நிலைக்கவேண்டும் என விழையாத பாடகர் உலகில் அரியர். ஒன்பது ஆண்டு கடந்தும் நாடு திருந்தவில்லை. 1987-இல் அதனைப் பதிவு செய்து வெளியிட்டார்.

அதே தட்டில் வேறொரு பாட்டும் உண்டு. ஒன்பது நிமிடம் நீளும் கதைப்பாட்டு அது, பல்லவியே இல்லை. வடகிழக்குச் சந்தைகளில் கயிற்றில் தொங்கவிட்டு விற்கும் சிறு கதைப்பாட்டு நூல்களின் சாயல் அதில் உண்டு. வறண்ட நாட்டுப்புறத்து ஏழை ஒருவன் தலைநகரை நாடி வருகின்றான். தகுவாட்டிங்காவில் தச்சுத் தொழில் பயில்கின்றான். உழைத்தும் கூலி போதவில்லை. தீநெறியிற் சென்று சிறைப்படுகின்றான். ஈற்றில் செய்லாண்டியாவில், தொலைக்காட்சியினரும் திரண்ட கூட்டமும் வேடிக்கை பார்க்க, சுடப்பட்டு மடிகின்றான். பிரசிலியாவை உலக மரபுச் சின்னமாக யுனெஸ்கோ ஏற்றதும் 1987-இல்தான். யுனெஸ்கோ போற்றியது மாளிகைகளை. பாட்டு நினைந்தது அவற்றைக் கட்டியவரின் இனத்தானை. இத்துணை நீண்ட பாட்டை இளைஞர் முழுவதும் மனப்பாடம் செய்தனர். 2013-இல் அது திரைப்படமும் ஆயிற்று.

புகழ் இன்னலையும் கொணர்ந்தது. 1988 சூன் 18-இல் பிரசிலியா விளையாட்டரங்கில் நிகழ்ந்த இசைவிழா கலவரமாய் முடிந்து, பலர் காயமுற்றனர். தம்மை வளர்த்த அந்நகரில் அக்குழுவினர் அதன்பின் பாடவேயில்லை. 1996 அக்டோபர் 11-இல், முப்பத்தாறாம் வயதில், எய்ட்சு நோயால் ரூசோ மறைந்தார், குழுவும் கலைந்தது. 2015-இல், முதல் தட்டின் முப்பதாம் ஆண்டை முன்னிட்டு, தோழர் இருவரும் மீண்டும் மேடையேறினர்.

'இது என்ன நாடு?' என்னும் பாட்டு மேடையில் எழும்போதெல்லாம், அவ்வினாவுக்கு விடையைக் கேட்போரே உரக்கக் கூவுவர். அவ்விடை பாடநூலில் அச்சிடத்தக்க சொல்லால் ஆயதன்று.