அப்பாவின் வேலைச் சட்டைகள்

அமெரிக்காவின் அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்றொரு சிற்றூர். பருத்திக் காட்டில் பாடுபட்ட கறுப்பினக் குடும்பங்களின் ஊர். அங்கே மிசூரி பெட்வே என்ற பெண் கணவரைப் பறிகொடுத்தார். 1942இல், கணவர் உடுத்திய வேலைத் துணிகளையெல்லாம் கிழித்து, மகள் ஆர்லோன்சியாவைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஒரு குவில்ட் (துணித் துண்டுகளை இணைத்துத் தைக்கும் போர்வை) தைத்தார். கணவரின் நினைவைப் போர்த்திக்கொள்ள வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம்.

அந்தக் குவில்ட்டின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். உழைத்து உழைத்து வெளுத்த நீலத் துணி, கார்டுராய், சாக்குத் துணி எல்லாம் பட்டை பட்டையாக இணைந்திருக்கின்றன.

இன்று அது வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. இதை வெறும் கைவேலை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. துக்கத்துக்கு உருவம் கொடுத்த மிசூரி பெரும் கலைஞர்.

உங்கள் வீட்டிலும் பழந்துணியில் தைத்த போர்வை இருந்தால், அது யார் உடுத்திய துணி என்று பெரியவர்களிடம் இன்றே கேட்டு எழுதி வையுங்கள்.